சாப்பாடு உண்டு, இருக்கை இல்லை

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆலீஸ் பார்பிக்யூ என்றொரு குடும்ப உணவகம் இருந்தது. 1927இல் தொடங்கிய கடை. தீயில் வாட்டிய இறைச்சியும் வீட்டுப் பக்குவத்தில் சுட்ட பை இனிப்பும் அங்கே சிறப்பு. 220 பேர் உட்கார இடம் உண்டு. வேலை பார்த்த 36 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள். கறுப்பின வாடிக்கையாளர் வந்தால் கேட்டதைப் பார்சல் கட்டிக் கொடுப்பார்கள், காசை வாங்கிக்கொள்வார்கள். உட்கார மட்டும் விடமாட்டார்கள். உணவகங்களில் நிறம் பார்த்து ஆளைத் தடுக்கக் கூடாது என்று 1964 ஜூலை 2 அன்று சிவில் உரிமைச் சட்டம் வந்ததும், இந்தக் கடைக்காரர்கள் அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

ஒரே அடுப்பு, ஒரே இறைச்சி. கறுப்பினத்தவரின் கை தொட்ட உணவை வெள்ளையர்கள் மனமாரச் சாப்பிட்டார்கள். கறுப்பினத்தவரின் காசும் தயக்கமில்லாமல் கல்லாவுக்குள் போனது. தடை நாற்காலிக்கு மட்டும்தான். அப்படியென்றால் அங்கே எதைக் காப்பாற்றப் பார்த்தார்கள்? ஒருவருடைய பசியைத் தீர்ப்பதற்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உண்பதற்கும் நடுவே உள்ள தூரம் வெறும் ஊர் வழக்கமா, அல்லது அதில் கடவுளுக்கும் ஒரு பேச்சு இருக்கிறதா? ஞாயிறு காலை தேவாலயங்கள் நிரம்பி வழியும் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இந்தக் கேள்வி பிரசங்க மேடையில் மட்டும் எழவில்லை. தெருமுனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் எழுந்தது. பதில் சொன்னவர்களில் பலர் சமையல்காரர்கள்.

அந்தக் கடைகளின் சாப்பாட்டை முதலில் கொஞ்சம் பார்க்க வேண்டும். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் பக்கம் இத்தகைய கடையை ‘மீட் அண்ட் த்ரீ’ என்பார்கள்: ஓர் இறைச்சி, கூட மூன்று தொடுகறிகள். தட்டை ஏந்தி வரிசையில் நகர வேண்டும். நீராவியில் சூடாக நிற்கும் பாத்திரங்களுக்குப் பின்னால் கரண்டியோடு ஒருவர் நிற்பார். பொரித்த கோழியோ கெளுத்தி மீனோ ஏதாவது ஒன்று. பிறகு காராமணி, மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய், சீஸில் குழைந்த மக்ரோனி என்று விருப்பம்போல் மூன்று. மக்ரோனியையும் அங்கே காய்கறிக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். ஓரத்தில் ஒரு துண்டு மக்காச்சோள ரொட்டி, குடிக்க ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர்.

காலர்ட் என்ற தடித்த இலைக்கீரையை உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்காலோடு மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவிடுவார்கள். இலை கருத்துத் துவண்டு, சாறு முழுக்கத் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டுவது பாவம்போல. ரொட்டியைப் பிட்டு அதில் நனைத்துச் சாப்பிடுவார்கள். மிளகாய் ஊறிய வினிகரை மேலே நாலு சொட்டு விட்டால் கீரையின் கசப்பு அடங்கிவிடும். வெண்டையும் காராமணியும் ஆப்பிரிக்காவுக்குரியவை. அடிமை வணிகத்தோடு கடல் தாண்டியவை. மக்காச்சோளம் அந்த மண்ணின் பூர்வகுடிகள் வளர்த்தது. பண்ணை வீடுகளின் அடுப்பங்கரையில் இவற்றையெல்லாம் ஒரு சமையலாக்கியதில் அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்களின் கைதான் பெரிது. இன்று தென்மாநிலத்தார் எவரும் ‘எங்கள் வீட்டுச் சாப்பாடு’ என்று உரிமை கொண்டாடும் பதார்த்தங்களில் பாதிக்கு மேல் அந்தக் கைகளின் வாசம் உண்டு.

நம் ஊர்ச் சாதி வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் இங்கே ஒரு வேறுபாடு புலப்படும். நம்மிடம் தடை அடுப்பங்கரையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. சமைத்தது யார், தண்ணீர் மொண்டது யார் என்று கேட்ட பிறகுதான் பந்தி. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அப்படியில்லை. வசதியான வெள்ளையர் வீடுகளில் சமைத்ததும் குழந்தைகளுக்கு ஊட்டியதும் கறுப்பினப் பெண்கள்தான். அதே பெண்ணுக்கு அந்த வீட்டு மேசையில் இடமில்லை. அவருடைய தட்டு சமையலறையில். தீட்டு என்று சாக்குச் சொல்ல அங்கே வழியே இல்லாததால், மிச்சம் இருந்தது அப்பட்டமாகத் தெரிந்தது. ஒருவர் உட்கார வேண்டும், மற்றவர் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அந்தச் சட்டம். பக்கத்து நாற்காலியில் அமர்ந்துவிட்டால் இருவரும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுவார்கள் என்பதே பயம்.

கிறிஸ்தவ மரபு இந்தப் பயத்தை அதன் தொடக்க நாட்களிலேயே சந்தித்திருக்கிறது. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் நடந்த ஒரு சாப்பாட்டுச் சச்சரவு வருகிறது. பேதுரு அங்கே யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். பேதுரு யாருடைய உணவையும் பறிக்கவில்லை, யாரையும் பட்டினி போடவில்லை. எழுந்து போனார், அவ்வளவுதான். அதற்காகவே பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். நற்செய்தியின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அது அல்ல என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதும்போதும் இதே கோபம்தான். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அப்படி உண்பது ஆண்டவருடைய விருந்தே அல்ல என்று எழுதினார். திருவிருந்தில் இருக்க வேண்டியது அப்பமும் ரசமும் மட்டுமல்ல. யார் யாரோடு எப்படி அமர்கிறார்கள் என்பதும் அந்த விருந்தின் உள்ளடக்கம் என்பதே இதன் பொருள்.

இதை வாசித்தவர்கள்தான் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள் என்பதே இந்த வரலாற்றில் மனதை உறுத்தும் பகுதி. தென் கரோலினாவில் பிகி பார்க் என்ற பார்பிக்யூ கடைகளை நடத்தியவர் மாரிஸ் பெஸிஞ்சர். பன்றி இறைச்சியின் மேல் கடுகுச் சாறு ஊற்றித் தருவது அந்த மாநிலத்துக்கே உரிய ருசி. அதற்கு அவர் கடைகள் பேர்போனவை. இனங்களைக் கலக்கச் சொல்லும் சட்டம் கடவுளின் சித்தத்துக்கு விரோதமானது, அதற்குக் கீழ்ப்படியச் சொல்வது என் சமயச் சுதந்திரத்தைப் பறிப்பது என்று அவர் தரப்பு வாதாடியது. கறுப்பினத்தவருக்கு இடம் மறுத்ததற்காக அவர்மேல் வழக்குத் தொடுத்தவர்களில் முதல் பெயர் ஒரு கறுப்பினப் போதகரின் மனைவியான ஆன் நியூமன். 1968இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சமய வாதத்தைப் பரிசீலிக்கவே தகுதியற்றது என்று தள்ளியது. சட்டத்தைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்தது. விசுவாசத்தைப் பொறுத்தவரை அப்படி முடித்துவிட முடியாது. கடவுளே மனிதரைப் பிரித்து வைத்தார் என்று ஒரு மனிதர் மனதார நம்ப முடிந்தது என்றால், அந்த நம்பிக்கையை அவருக்குக் கற்றுக்கொடுத்த சமயச் சூழலும் பதில் சொல்லியாக வேண்டும்.

எதிர்த் திசையில் நடந்தவர்களும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்தார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் உல்வொர்த் கடைக்குள் போனார்கள். முதலில் வேறு பிரிவில் சில்லறைச் சாமான்கள் வாங்கி ரசீது பெற்றுக்கொண்டார்கள். பிறகு அதே கடையின் உணவுப் பிரிவில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். சாமானுக்குக் காசு வாங்கிய கடை காபிக்கு மறுத்தது. மூடும் நேரம்வரை அவர்கள் எழவில்லை. அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் பெருகியது. ஜூலை 25 அன்று கடை இறங்கிவந்தபோது முதலில் உட்கார வைத்துப் பரிமாறப்பட்டவர்கள் அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள். அத்தனை காலம் பரிமாறும் மேடைக்கு அந்தப்புறம் நின்றவர்கள் அன்றைக்கு இந்தப்புறம் உட்கார்ந்தார்கள்.

இதே போராட்டத்துக்கு நாஷ்வில் மாணவர்களைத் தயார்ப்படுத்தியவர் ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் ஊழியர். 1950களின் நடுவில் நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டு பணியாற்றி, காந்தியின் வழியை இந்திய மண்ணிலேயே கற்றுத் திரும்பியவர். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் ஒத்திகை நடக்கும். ஒருவர் நாற்காலியில் உட்காருவார். மற்றவர்கள் அவரைத் திட்டுவார்கள், இடிப்பார்கள், தள்ளுவார்கள். பதிலுக்குக் கை ஓங்காமல், வாய் திறந்து ஏசாமல் உட்கார்ந்திருக்கப் பழக வேண்டும். நிமிர்ந்து உட்கார், எப்போதும் மேடையைப் பார்த்திரு, மரியாதையோடு பேசு என்று விதிகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. இயேசு, காந்தி, தோரோ, மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் போதனைகளை நினைவில் வை என்பதும் அந்த விதிகளில் சேர்த்தி. வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை இறையியல் படிப்பிலிருந்து 1960இல் நீக்கியது. மே மாதம் நாஷ்வில் கடைகள் இருக்கையைத் திறந்துவிட்டன. அந்த மாணவர்கள் செய்ததை வெறும் போராட்ட உத்தி என்று சொல்லிக் கடந்துபோக முடியவில்லை. தலையில் பானத்தைக் கொட்டுபவனுக்காகவும் ஜெபிக்கப் பழகிக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தவம்.

இதற்கெல்லாம் முன்பே சில கடைகளில் பந்தி கலந்திருந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் டூக்கி சேஸ் 1941இல் சிறு சாண்ட்விச் கடையாக ஆரம்பமானது. அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த லியா சேஸ் அதை மேசைவிரிப்பு போட்ட உணவகமாக்கினார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உண்பது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், அந்தக் கடையின் மாடி அறையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து போராட்டத்துக்குத் திட்டமிட்டார்கள். கம்போ என்ற குழம்பும் பொரித்த கோழியும் நடுவில் இருக்கும். ஒரு கிண்ணம் கம்போவின் மேல் அமெரிக்காவின் போக்கையே மாற்றினோம் என்று லியா சேஸ் பின்னாளில் சொல்வதுண்டு. பக்தியுள்ள கத்தோலிக்கர் அவர். ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று, அடுத்த நாள் புனித வெள்ளி நோன்புக்கு முன், பலவகைக் கீரைகளையும் இறைச்சிகளையும் சேர்த்துக் கம்போ ஸெர்ப் ஆக்குவார். கீரை வகைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த மரபு. இயேசு சீடர்களோடு கடைசியாக உணவருந்திய நாள் என்று திருச்சபை நினைவுகூரும் நாள் அது. அன்றைக்கு அந்தக் கடையில் இடம் கிடைப்பது அரிது. 2019இல் தொண்ணூற்றாறு வயதில் மறையும்வரை அவர் சமையலறையை விட்டு விலகவில்லை.

அட்லாண்டாவில் ஜேம்ஸ், ராபர்ட் என்ற பாஸ்கல் சகோதரர்கள் 1947இல் ஒரு சின்னக் கடை போட்டார்கள். பொரித்த கோழிதான் அவர்களுடைய கைராசி. கிங்கும் அவர் தோழர்களும் கூடிப் பேசிய இடம் அது. உள்ளிருப்புப் போராட்டத்தில் கைதான மாணவர்கள் சிறையிலிருந்து விடுதலையாகி வந்தால் அங்கே இலவசச் சாப்பாடு காத்திருக்கும். பெற்றோர் வந்து பிள்ளைகளைச் சந்திக்க வசதியாகக் கடையை நேரம் கடந்தும் திறந்து வைப்பார்கள்.

மான்ட்கோமரி நகரின் ஜார்ஜியா கில்மோருக்குக் கடைகூட இல்லை. ஓர் உணவகத்தில் சமையல் வேலை. 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கியபோது, அவரும் தோழிகளும் கோழியும் கேக்கும் பையும் சமைத்து விற்று, வந்த பணத்தைப் போராட்டக் கூட்டங்களில் கொண்டுவந்து கொட்டினார்கள். யார் தந்தது என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தோ வந்த சங்கம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 381 நாள் நீடித்த அந்தப் புறக்கணிப்பில், பேருந்துக்குப் பதிலாக மக்களை ஏற்றிச்சென்ற கார்களுக்குப் பெட்ரோல் போட இந்தப் பணமும் உதவியது. புறக்கணிப்புக்காகக் கிங் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் கில்மோர் சாட்சி சொன்னார், வேலை போயிற்று. கிங்கின் ஊக்கத்தோடும் உதவியோடும் தன் வீட்டிலேயே சமைத்துப் போட ஆரம்பித்தார். அந்தச் சாப்பாட்டு அறைக்குப் போதகர்கள் வந்தார்கள், கூலிக்காரர்கள் வந்தார்கள், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் வந்தார்கள். மேசை போதாமல் நின்றபடியும் சாப்பிட்டார்கள். இறையியல் எதுவும் எழுதாத அந்தப் பெண்மணி, அந்தியோகியாவில் பவுல் கேட்டதைத் தன் வீட்டில் நடத்திக் காட்டினார்.

ஆலீஸ் பார்பிக்யூ வழக்குக்குத் திரும்பினால் வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. 1964 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கடைக்காரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எதன்மேல் நின்றது? மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு இருக்கும் அதிகாரத்தின் மேல். கடை ஓராண்டில் வாங்கிய சுமார் 1,50,000 டாலர் உணவுப் பொருளில் 69,683 டாலருக்கு, அதாவது 46 விழுக்காட்டுக்கு, வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. அதனால் சட்டம் இந்தக் கடையையும் கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். மனிதருக்கு மனிதர் சமம் என்ற உண்மை இறைச்சிக் கொள்முதல் கணக்கு வழியாகத்தான் அந்தக் கடைக்குள் நுழைய முடிந்தது.

இப்படிக் கட்டாயத்தால் கிடைத்த இருக்கைக்கு ஆன்மிக மதிப்பு உண்டா? மனம் மாறாமல் உடல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தால் அது உறவாகுமா? எளிதில் ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது. சட்டத்தால் ஒருவனை என்னை நேசிக்கவைக்க முடியாது, ஆனால் என்னைக் கொல்லாமல் தடுக்க முடியும், அதுவும் முக்கியம்தான் என்ற பொருளில் கிங் பல மேடைகளில் பேசினார். அதற்கு மேலும் ஒன்று சொல்லலாம். மனம் மாறிய பிறகுதான் சேர்ந்து உட்கார வேண்டும் என்று காத்திருந்தால், காத்திருப்பின் விலையை எப்போதும் நிற்பவரே கொடுக்கிறார். சேர்ந்து உட்கார்வது மனமாற்றத்தின் விளைவாக மட்டுமில்லை, அதன் பயிற்சியாகவும் இருக்க முடியும். ஜார்ஜியா மாநிலத்தின் சவான்னா நகரில் மிஸஸ் வில்க்ஸ் சாப்பாட்டு அறை அதற்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு. 1943இல் செமா வில்க்ஸ் ஏற்றுநடத்தத் தொடங்கிய அந்த விடுதிச் சாப்பாட்டில் இன்றும் மேசைக்குப் பத்துப் பேர். முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக உட்கார வேண்டும். கோழி, பீன்ஸ், வெண்டை, சோறு என்று கிண்ணங்கள் கைமாறி வரும். காராமணி வேண்டுமென்றால் பக்கத்திலிருப்பவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சட்டத்தின் கை தேவாலயம்வரை நீளவில்லை. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது இடங்கள் பற்றிய பிரிவு உணவகம், விடுதி, திரையரங்கு போன்றவற்றைத்தான் குறிப்பிட்டது. அதே ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு, மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் காலோவே நினைவு மெதடிஸ்ட் ஆலயத்துக்கு அதே மெதடிஸ்ட் திருச்சபையின் இரண்டு பேராயர்கள் வழிபட வந்தார்கள். சார்லஸ் கோல்டன் கறுப்பினத்தவர், இந்தியாவில் மிஷனரியாக இருந்த ஜேம்ஸ் மாத்யூஸ் வெள்ளையர். இருவரையும் வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். உயிர்த்தெழுதல் திருநாளில் பேராயருக்குக் கதவடைத்த நாட்டில், சில மாதங்கள் கழித்துப் பார்பிக்யூ கடை திறந்துகொண்டது. திருவிருந்தை நடத்த வேண்டிய இடம் பின்தங்க, வாட்டிய இறைச்சி விற்கும் இடம் முந்திக்கொண்டதைத் தென்மாநிலத் திருச்சபைகள் தங்கள் வரலாற்றின் வெட்கமாக நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நிறத்தின் கோடு அழிந்த இடங்களில் இன்று பணத்தின் கோடு நிற்கிறது. கொரிந்து சபையின் பழைய பிரச்சினை. அலபாமாவின் ப்ரூட்டன் என்ற சிற்றூரில் 2018இல் விலைப்பட்டியலே இல்லாத ஓர் உணவகத்தைக் ஒரு கறுப்பினத் தம்பதியர் திறந்தார்கள். கோழியும் கீரையும் வழக்கமான தென்மாநிலச் சாப்பாடு. முடிந்ததைப் பெட்டியில் போடலாம். தர்மச்சாப்பாட்டுக்குத் தனி வரிசை வைத்தால் அது பழைய பார்சல் ஜன்னலாகிவிடும். இங்கே கொடுக்க முடிந்தவரும் முடியாதவரும் ஒரே மேசையில் ஒரே சாப்பாட்டை உண்கிறார்கள். கில்மோர் வீட்டு மேசையின் வழிவந்தது என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

பரிமாறுபவரின் கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது உயரவில்லை. டிப்ஸும் சேர்த்து 7.25 டாலரை எட்டாவிட்டால் மிச்சத்தை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனாலும் அன்றைய வருமானம் பெரும்பாலும் சாப்பிட வந்தவரின் மனநிலையில்தான் தொங்குகிறது. அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி, லூசியானா, டென்னசி, தென் கரோலினா எல்லாவற்றிலும் இதே நிலைதான். ஞாயிறு மதியம் இந்தக் கடைகளை நிரப்புவது ஆராதனை முடிந்து நேராக வரும் குடும்பங்கள். அவர்களுக்குத் தேநீர் ஊற்றுபவருக்கு அன்றைக்கு ஆராதனையே கிடையாது, வேலை. வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோவில் நெடுங்காலம் போதகராக இருந்த வில்லியம் பார்பர், கூலி உயர்வைத் தொழிற்சங்கத்தின் கோரிக்கை என்று மட்டும் பார்க்காமல் வேதத்தின் கோரிக்கையாகவே முன்வைக்கிறார். கிங் தொடங்கிய ஏழை மக்கள் இயக்கத்தை 2018இல் மறுபடி தொடங்கியபோது துரித உணவுக் கடைத் தொழிலாளர்களோடு தெருவில் நின்றார். கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைக்காதே என்று தீர்க்கதரிசிகள் சொன்னதை ஞாயிறு காலையில் வாசிக்கும் சபைகள், மதியம் தாங்கள் உண்ணும் கடையின் சம்பளப் பட்டியலையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும் என்கிற இந்த வாதத்துக்குப் பெரும்பாலான தென்மாநிலச் சட்டமன்றங்கள் இன்னும் செவிசாய்க்கவில்லை.